வளர்ந்தோர் கல்வியும் அச்சம் நீக்கலும்

பள்ளிக்கு முதன்முறை வரும் குழந்தை அழும். அழுது தீர்ந்ததும் அதன் அச்சமும் தீர்ந்துவிடும். நாற்பது வயதில் மீண்டும் பள்ளிக்கு வருபவரோ அழுவதில்லை. வாயிலருகே சற்று நேரம் நிற்பார். உள்ளே எட்டிப் பார்ப்பார். பிள்ளையைத் தேடி வந்ததாக ஒரு காரணம் சொல்லித் திரும்பிவிடுவார். அவ்வச்சம் கண்ணுக்குப் புலப்படாமையால் அதற்குச் சோம்பல் என்றும், ஆர்வமின்மை என்றும், வயது போனவர்க்கு எழுத்து ஏறாது என்றும் நாம் பெயரிட்டுவிடுகின்றோம். நோயின் பெயரைத் தவறாகச் சொன்ன மருத்துவன் மருந்தையும் தவறாகவே கொடுப்பான். ஆதலால், வளர்ந்தோர் கல்வியைப் பற்றிப் பேசப் புகும் எவரும் முதற்கண் அவ்வச்சத்தின் வேரை ஆராய்தல் வேண்டும். மலையகத் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு அவ்வேரையும், அதனைக் களையும் வழியையும் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொல்பிட்டிய என்னும் ஊரின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழுவது அங்குள்ள நீர்மின் நிலையமே. லக்ஸபான நீர்த்தேக்கத்தின் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே வந்து, 1969 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு மின்னாற்றலாக மாறி வெளியூர்களுக்கு ஒளி தந்து வருகின்றது. அந்நீர் பிறக்கும் தேயிலை மலைகளில் வாழ்ந்தோரின் லயன் அறைகள் பலவற்றிலோ அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. கல்வியொளியின் கதையும் இதனை ஒத்ததே. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரை பாடம் சொல்லும் கடமையைத் தோட்ட நிருவாகங்களிடமே ஒப்புவித்தது. 1945 இல் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தபோதும் அதன் பயன் தோட்டப் பாடசாலைகளைச் சரிவர எட்டவில்லை. அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலேதான். அதுகாறும், ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற நிலையிற் பயின்று, மலையில் வேலைக்குப் போகும் வயது வந்ததும் ஏட்டை மூடிவிட்டவர் மிகப் பலர். அவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்தோரிலும் வறுமையாலும் குடும்பச் சுமையாலும் இடையில் நின்றவர் பலர் உளர். இவர்களே நம் மாலை வகுப்பின் வாயிலில் நிற்போர்.

இவர்களுடைய அச்சத்தின் முதல் வேர், தாளைப் பற்றிய அச்சமாகும். தோட்டத்தில் எழுத்து என்பது தொழிலாளி எழுதுவதன்று. தொழிலாளியைப் பற்றிப் பிறர் எழுதுவது. முன்னாளில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கங்காணிக்குத் தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுத் தாளில் எழுதப்படும். அத்தாளின்றி அவர் வேறு தோட்டத்தில் வேலை தேட இயலாது. தாள் கிடைத்தாலோ கடனும் கூடவே செல்லும். அம்முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், தாள் மக்களை விட்டபாடில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர். மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டல் வேண்டும் என்பது விதி. பிறப்புப் பத்திரமும் பதிவும் இல்லாத லயன் வாழ்க்கையில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? இறுதியில் உரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. 1964 இன் ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளுக்கும் பங்கிட முனைந்தது. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அச்சிக்கல் முற்றாகத் தீரவில்லை. இவ்வாறு மூன்று நான்கு தலைமுறையாக, ஒரு தாள் வீட்டிற்கு வந்தால் கூடவே ஓர் இழப்பும் வரும் என்று கண்டு பழகிய குடும்பத்தில் பிறந்தவர், தம் முன்னே ஒரு தாளை வைத்ததும் கையைப் பின்னிழுப்பாராயின் அதில் வியப்பென்ன?

இரண்டாவது வேர், பழைய பள்ளியின் நினைவு. இளமையிற் பள்ளியை விட்டவர் பெரும்பாலும் புகழோடு விடவில்லை. பிரம்படியோடும், "மண்டையில் ஒன்றுமில்லை" என்ற சொல்லோடும் விட்டவரே பலர். அடி மறந்துபோகும், சொல் மறந்துபோவதில்லை. முப்பதாண்டு கழித்துக் கரும்பலகையைக் காணும்போது அச்சொல்லே முதலில் நினைவுக்கு வருகின்றது. இதனோடு நாணமும் சேர்கின்றது. தம் மகளின் வயதுடைய ஆசிரியை முன் தவறு செய்ய நேருமே, லயத்தில் நாளை இதுவே பேச்சாகுமே என்ற கூச்சம் அறிவுடையோரையும் வாயடைக்கச் செய்யும். அஃது அறியாமையின் அடையாளமன்று, தன்மதிப்பின் அடையாளம். தன்மதிப்பு இல்லாதவர் நாணுவதில்லையன்றோ?

மூன்றாவது வேர் உடம்பில் உள்ளது. நாற்பது வயதை அணுகும்போது அண்மைப் பார்வை மங்குதல் இயல்பு; இதனை நம் முன்னோர் 'வெள்ளெழுத்து' என்று பொருத்தமாகப் பெயரிட்டனர். எழுத்தை முன்னரே அறிந்தவர், எழுத்து மங்குகிறது, கண்ணாடி வேண்டும் என்பார். எழுத்தை இப்போதுதான் முதன்முறை காண்பவர் மங்கலைக் கண்ணின் குறையென்று அறியார். தம் அறிவின் குறையென்றே எண்ணுவார். அதுபோலவே, ஆண்டுக்கணக்கிற் கொழுந்து கிள்ளியும் கவ்வாத்துக் கத்தி பிடித்தும் காய்த்துப்போன விரல்களில் பென்சில் நழுவும். நழுவுவது பென்சில், தாமே நழுவுவதாக அவர் கருதுவார். ஆகவே, மாலை வகுப்பு நடத்துவோர் வாங்க வேண்டிய முதற்பொருள் அரிச்சுவடியன்று, வாசிப்புக் கண்ணாடி. இரண்டாவது பொருள், பருமனான பென்சில்.

இனி, வளர்ந்தவர்க்குக் கற்கும் ஆற்றல் குறைந்துவிடுகின்றதா என்பதை நோக்குவோம். அமெரிக்க உளவியலறிஞர் எட்வேட் தோண்டைக் 1928 இல் வளர்ந்தோர் கற்றல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட எவரும் வயதைக் காரணங்காட்டிக் கல்வியைக் கைவிட வேண்டியதில்லை என்பதே அவர் சோதனைகளின் முடிபு. கற்கும் வேகம் ஆண்டுதோறும் குறைவது மிகச் சிறிதளவே என அவர் கண்டார். அவ்வாறாயின் கண்ணெதிரே காணும் தடுமாற்றத்துக்குக் காரணம் யாது? மனம் ஒரு வேளையில் ஏந்தக்கூடிய செய்தி மிகச் சிலவே என்பது உளவியலின் துணிபு. 'தவறிவிடுவேனோ, சிரிப்பார்களோ' என்ற எண்ணம் அச்சிறிய இடத்தின் ஒரு பங்கைக் கவர்ந்துகொண்டால், எஞ்சிய பங்கிலேயே எழுத்து நிற்றல் வேண்டும். ஆற்றல் குறையவில்லை, ஆற்றலின் இடத்தில் அச்சம் குடியிருக்கின்றது.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா வரை செல்லவேண்டுவதும் இல்லை. மாசி மாதத்திலே தோட்டங்களில் காமன் கூத்து நடைபெறும். கூத்தில் ஆடும் அண்ணன்மாரையும் பாடும் பெரியவர்களையும் கவனித்துப் பாருங்கள். இரவு முழுவதும் பாடத்தக்க பாட்டுக்களை ஏட்டின் துணையின்றிக் கேட்ட கேள்வியாலேயே மனத்தில் வைத்திருப்பார்கள். பொன்னர் சங்கர் கதையை வரி பிறழாது சொல்லும் பாட்டிமார் பலர் உளர். அவர்களுக்கு நினைவாற்றல் இல்லை என்று சொல்ல யாருக்கு நாவெழும்? திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்திருப்பதும் இங்கே சிந்திக்கத்தக்கது. நாவலர் பெருமான் பிள்ளைகளுக்குப் பாலபாடம் இயற்றினார். வளர்ந்தவர்களுக்கோ 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைக்கு ஒரு நெறி, பெரியவர்க்கு ஒரு நெறி என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். இன்று நாமோ பெரியவர் கையிலும் பிள்ளையின் புத்தகத்தையே கொடுத்து, அவர் ஏன் மறுநாள் வரவில்லை என்று வியக்கின்றோம்.

அச்சத்தின் வேர்கள் இவையெனின், அதனை நீக்கும் நெறியும் இவற்றிலிருந்தே புலப்படும். முதலாவது, இடம். தோட்டத்தில் மாலையில் ஒழிந்திருக்கும் அறை பெரும்பாலும் பிள்ளைக் காம்பிராவே. அங்குள்ள சிறு வாங்குகளில் முழங்கால் மடக்கி அமர்ந்த கணமே பெரியவர் பிள்ளையாகிவிடுகின்றார். கோயில் மண்டபத்தில் எல்லோரும் பாய்விரித்து வட்டமாக அமர்ந்தால், ஆசிரியரும் அதே தரையில் அமர்வார். முன்வரிசை பின்வரிசை என்பதும் இராது. இரண்டாவது, அழைக்கும் முறை. அக்கா, அண்ணன், அம்மா, ஐயா என்று முறை சொல்லி அழைத்தல் வேண்டும். பெயரைச் சொல்லி வரவு கூப்பிடுதல் பிரட்டுக்களத்துக்கு உரியது. வகுப்புக்கு அது வேண்டாம். மூன்றாவது, முதல் நாளிற் சோதனை கூடாது. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அறியும் ஆவல் ஆசிரியர்க்கு இயல்பு. அதனை வெளிப்படையாகக் கேட்பது, மறைத்து வைத்த புண்ணைப் பலர் முன் திறந்து காட்டச் சொல்வதாகும்.

நான்காவது, எதிலிருந்து தொடங்குவது என்பது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பெயர்' என்பர். உரிய அளவு கொழுந்து எடுத்தவர்க்கு முழுப்பெயர், குறைந்தால் அரைப்பெயர். நாள்தோறும் தம் பெயர் ஒரு புத்தகத்தில் விழுகிறது. ஆயினும் அப்பெயர் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதைப் பலர் அறியார். ஆகவே, முதற்பாடம் அவரவர் பெயரேயாதல் வேண்டும். அகரத்திலிருந்து தொடங்காமல் பெயரிலிருந்து தொடங்குவது இலக்கண முறைக்கு மாறானதே. ஆனால் மன முறைக்கு ஏற்றது. இரண்டாம் பாடம் இலக்கம். கொழுந்து நிறுக்கும் தராசின் எண்ணையும், சம்பளச் சீட்டின் வரவையும் கழிவையும் தாமே வாசித்தறிந்த அன்று, கல்வி எதற்கு என்ற கேள்வி எழாது.

அதன் பின்னரே எழுத்துமுறை. தமிழ் எழுத்து 247 என்று சுவரிலே தொங்கவிடும் அட்டவணையைக் கண்டே பலர் திரும்பியிருக்கின்றனர். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றோடு சில குறிகளை அறிந்தால், எஞ்சிய 216 உயிர்மெய்யிற் பெரும்பாலானவை தாமே விளங்கும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரே 1963 இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு நாற்பது மணி நேர அளவிலான வகுப்பில் எழுத்தறிவித்தார். கற்போரின் வாழ்விலிருந்தே சொற்களை எடுத்து, அவற்றை அசையசையாகப் பிரித்து, அவ்வசைகளாற் புதுச்சொற்களை ஆக்கச் செய்தல் அவரது முறை. நமக்கும் அது பொருந்தும். 'மலை' என்ற சொல்லை எழுதி, மகரத்தின் பக்கத்தில் ஒரு துணைக்காலை நிறுத்தினால் 'மாலை' ஆகிவிடுகின்றது. மலையில் வேலை, மாலையில் வகுப்பு என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த இடத்தில் அச்சம் நிற்பதில்லை. ஆயிரம் இலைகளுக்கு நடுவே பறிக்கத்தக்க தளிரைக் கணத்தில் இனங்காணும் கண், ணகரத்தையும் னகரத்தையும் இனங்காண எவ்வளவு நாள் எடுக்கும்? இதனை ஆசிரியர் அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

ஐந்தாவது, தவறு. பெரியவரின் தவற்றைச் சிவப்பு மையாற் சுழித்தல் கூடாது. சரியாக எழுதிய பகுதியை முதலிற் சுட்டி, பிழையை அவரே கண்டுகொள்ளுமாறு அதே சொல்லைப் பக்கத்தில் எழுதி வைத்தல் போதும். ஆசிரியர் தாமும் தவறக் காணுதல் பெரும் மருந்தாகும். கூத்துப் பாட்டொன்றைக் கற்றுத் தருமாறு அவர்களைக் கேட்டு, ஆசிரியர் அதைத் தட்டுத் தடுமாறிப் பாடினால், கற்போர் தடுமாறுவது இயற்கையே என்பது சொல்லாமலே விளங்கும். பின்னர் அப்பாட்டையே எழுதி வாசிப்புப் பாடமாக்கலாம். மனத்தில் முன்னரே உள்ள வரியைத் தாளிற் காண்பவர், தாள் தமக்குப் பகையன்று என்பதை முதன்முறையாக உணர்வார்.

இந்நெறி வெறுங் கற்பனையன்று என்பதற்கு இரண்டு நாடுகளின் வரலாறு சான்று பகரும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஜோன்ஸ் தீவு என்னும் தீவு உண்டு. அம்மாநிலத்தில் வாக்குரிமை பெறுவதற்கு வாசிக்கத் தெரிதல் வேண்டும் என்ற விதியைக் காட்டிக் கறுப்பின மக்களை ஒதுக்கி வந்தனர். 1957 ஆம் ஆண்டு சனவரியில் அங்கு ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், வளர்ந்தோர்க்கான வகுப்பொன்று தொடங்கியது. செப்டிமா கிளார்க் என்னும் கல்வியாளர் அதற்கு ஆசிரியையாகத் தேர்ந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியையை அன்று; சிகை அலங்காரத் தொழில் செய்த பெர்னிஸ் ராபின்சன் என்பவரை. கற்பிக்கும் தோரணை இல்லாதவரே அச்சம் நீக்க வல்லவர் என்பது கிளார்க்கின் கருத்து. ராபின்சன் குழந்தைகளின் பாடநூலோடு சென்றார். அது பொருந்தாது எனக் கண்டதும், அதனை ஒதுக்கிவிட்டு, நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயரெழுதவும், படிவம் நிரப்பவும், வாக்காளராகப் பதிய வேண்டிய பகுதியை வாசிக்கவும் விரும்பினர். அவையே பாடமாயின. அவ்வொரு வகுப்பிலிருந்து பல மாநிலங்களுக்கும் குடியுரிமைப் பள்ளிகள் பரவின. தாள் பறித்த உரிமையைத் தாளைக் கொண்டே மீட்ட அம்மக்களின் கதை, மலையக மக்களின் கதைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது!

மற்றைய சான்று நம் மொழி வழங்கும் நாட்டிலேயே உள்ளது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியை மேற்கொண்டது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அந்நாளிற் பலர் கேட்டிருக்கலாம். தொடர்பு அச்சத்திலே இருக்கின்றது. ஊரார் பார்க்க விழுந்து, எழுந்து, மீண்டும் ஏறி ஓட்டிய பெண்ணுக்குப் பலகை முன் நின்று எழுதுவது பெரிதன்று. ஆயிரக்கணக்கான பெண்கள் அவ்வாறு ஓட்டப் பழகினர். ஓர் அச்சத்தை வென்றவர்க்கு மற்றோர் அச்சம் தானே இளகும் என்பது அங்கே மெய்ப்பட்டது. அயலிலுள்ள கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்னும் மூதாட்டி 2018 ஆம் ஆண்டில், தமது 96 ஆவது வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 புள்ளி பெற்றார் என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

எழுத்தறிவைக் கடந்து, இடையில் விட்ட படிப்பைத் தொடர வருவோரின் அச்சம் சற்று வேறானது. அது பரீட்சை மண்டபத்தைப் பற்றியது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமோ உயர்தரம் இல்லாதவர்க்கும் அடிப்படைக் கற்கைகள் வாயிலாக வழி திறந்துள்ளது. வழி திறந்திருப்பினும் கால் எழவேண்டுமே! யான் வெளிவாரி மாணவனாகப் பட்டப் பரீட்சைக்குச் சென்ற நாளில், வினாத்தாளைப் பெற்றுக் கால்மணி நேரம் ஒரு சொல்லும் எழுதாது இருந்தேன். பாடம் தெரியாமலன்று, சுற்றியிருந்த இளைஞரின் பேனாக்கள் ஓடும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் பிறருக்குக் கற்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கே அந்நிலை என்றால், மற்றவர்களைக் குறித்துச் சொல்லவேண்டுவதில்லை. அன்று என்னை மீட்டது ஒரு சிறு பழக்கமே. நன்கு தெரிந்த ஒரு வினாவை முதலில் எடுத்து, அதன் விடையின் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதுதல். ஒரு வாக்கியம் எழுதிய கை மறு வாக்கியத்தையும் எழுதிவிடும். பழைய வினாத்தாள்களை நேரங் குறித்து எழுதிப் பழகுதல், பரீட்சைக்கு முன் ஒரு நாள் அம்மண்டபத்துக்குச் சென்று பார்த்து வருதல், தனியே படியாது மூவர் நால்வராகக் கூடிப் படித்தல் ஆகிய எளிய முறைகள், அறிவுரைகள் பலவற்றினும் மிக்க பயன் தருவன.

இம்முயற்சி தோற்றால் இழப்பு யாருக்கு? கற்க வந்து திரும்பியவர்க்கு மட்டுமன்று. தாய் வாசிக்கும் வீட்டிலே பிள்ளை வாசிக்கும். வாசிக்க அஞ்சும் தாய், ஆசிரியர் அனுப்பிய கடிதத்தைக் கண்டு பாடசாலைக் கூட்டத்துக்கு வராதிருப்பார். அவருடைய அச்சம் பிள்ளைக்குச் சீதனமாகச் சென்றுவிடும். ஆகவே, வளர்ந்தவர் ஒருவரின் அச்சத்தை நீக்குவது அடுத்த தலைமுறையின் கல்விக்கு இடும் அடித்தளமாகும்.

இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். விசயதசமியன்று நம் கோயில்களில் குழந்தைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம். அடுத்த விசயதசமியில், அதே தட்டில் பரப்பிய அரிசியில், ஒரு பெரியவரின் விரலையும் பிடித்து அவர் பெயரை எழுதுவிக்கலாகாதா? இத்தனை ஆண்டுகளாகப் பிறர் எழுதிய பெயரை அவர் தாமே எழுதட்டும். வாயிலில் நிற்பவரை உள்ளே அழைத்து, அருகே அமர்த்திக்கொள்வது நம் கடன்.